இருக்கியா

ஐந்து வினாடிக்கு ஒருமுறை
கேட்டுக்கொண்டே இருந்தது பக்கம்.
விலை ஏறிச்சா?
இல்லை.
ஏறிச்சா?
இல்லை.
தூத்துக்குடியில் இருநூறு கைபேசி, கொச்சியில் நானூறு,
எல்லாம் ஒரே கேள்வியோடு
மும்பையில் நான் வாடகைக்கு எடுத்த சர்வரைத்
தட்டித் தட்டி,
நண்டு சீசனில் ஒரு புதன்கிழமை
அது மூச்சுமுட்டி விழுந்தது.

தங்கச்சிமடம் ஏலக்கூடத்தில் ரெக்சலின்
முந்நூத்திப்பத்து, முந்நூத்திப்பதினஞ்சு என்று
ஏற்றிக்கொண்டிருந்தாள்.
திரையில் நண்டு
இருநூற்றெண்பதிலேயே கிடந்தது.
அவள் திட்டவில்லை.
கணக்கு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஐஸ் கம்பெனி மாடியில் மூன்று ராத்திரி.
வெப்சாக்கெட்.
ஒரே ஒரு கைகுலுக்கல், பிறகு கம்பி திறந்தே கிடக்கும்.
சொல்ல இருந்தால் சொல்லலாம்,
இல்லையென்றால் சும்மா இருக்கலாம்.
பைதானுக்குச் சும்மா இருக்கக் கற்றுத்தருவதற்குள்
எனக்கு விடிந்துவிட்டது.
அசிங்க் என்று தமிழில் அடித்தால்
அசிங்கம் என்று திருத்துகிறது போன்.
அதுவும் சரிதான், அந்த நேரத்து நிரலுக்கு.

பட்டியலில் ஏழாவது இணைப்பு
டவரைத் தாண்டிப்போன ஒரு விசைப்படகு.
விலை சொல்லப்போன நிரல்
அங்கேயே நின்றது.
பின்னால் எட்டு, ஒன்பது, அறுநூறு வரை
வாய்மூடி நின்றன.
போனவன் போறேன்னு சொல்லிவிட்டா போகிறான்?

ஆகவே இருபது வினாடிக்கு ஒருமுறை
சர்வர் கேட்கும்: இருக்கியா?
போன் சொல்லும்: இருக்கேன்.
இரண்டு தடவை பதில் இல்லையென்றால்
பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

"ரெண்டே தடவையா?" என்றாள் ரெக்சலின்.
மீன் செதில் ஒட்டிய விரல்
திரையைத் தொடாமல் நின்றது.
அவள் வீட்டில் ஒரு நம்பர்
நாலு வருஷமாக
மாதாமாதம் ரீசார்ஜ் ஆகிறது.
யாரும் அதிலிருந்து பேசுவதில்லை.

வந்தா மறுபடி கைகுலுக்கும் என்றேன்.
விட்ட இடத்திலிருந்து
எல்லா விலையும் முதல்ல சொல்லிட்டுத்தான்
மத்த வேலை.
அந்த வரி அப்போது நிரலில் இல்லை.
அன்றிரவு எழுதிச் சேர்த்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு பத்து.
நண்டு முந்நூற்றிருபது.
அவள் வாய் மூடுமுன்
கொச்சியில் மாறியது.
கூடை கைமாறியது, ஐஸ் நொறுங்கியது,
எவனோ சில்லறைக்குச் சண்டை போட்டான்.
லாக்கில் ஏழாவது படகு
குந்துகால் பக்கம் டவர் பிடித்து
இருக்கேன் என்றது.

ரெக்சலின் பார்க்கவில்லை.
அடுத்த குவியலுக்குப் போயிருந்தாள்:
கணவாய், நூத்தித்தொண்ணூறு, யாரு?