வட்டிக்கு வட்டி

காரைக்குடி, செக்காலை ரோடு.
அடகுக்கடை ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.
தராசுக்கு மேலே டிவியில்
சத்தம் குறைத்து வைத்த ராக்கெட் ஒன்று
புகையின் மேல் நிற்கிறது.

"இன்னுமா வாணம் விடறாங்க?
பேசாம ஒரு லிப்ட் கட்டக்கூடாதா?"
நகைப் பைகளுக்குச் சீட்டு ஒட்டியபடி அடைக்கன்.

உயரம் ஒரு பொருட்டில்லை, அடைக்கா.
திருச்சி ரோட்டைச் செங்குத்தாக நிமிர்த்தினால்
ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விண்வெளி.
தொட்டுவிட்டுத் திரும்பி விழலாம்,
எறிந்த கல் மாதிரி.
விழாமல் இருப்பதற்குத்தான் விலை:
இங்கே கிளம்பி
பன்னிரண்டு எண்ணுவதற்குள் திருச்சி.
அந்த வேகம், பக்கவாட்டில்.

பலூனுக்கு அது கிடையாது.
விமானம் காற்றைக் குடித்துப் பிழைப்பது,
மேலே குடிக்க ஒன்றுமில்லை.
பீரங்கியில் வைத்துச் சுட்டால்
கீழ்க்காற்றே சுவர்; உள்ளே ஆள் இருந்தால் துவையல்.
உன் லிப்டுக்கோ
தன் பாரத்தில் தானே அறுந்துபோகாத கயிறு வேண்டும்,
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு.
எந்தக் கடையில் போய்க் கேட்பது?

மிச்சம் இது ஒன்று.
எரிபொருளைத் தூக்க எரிபொருள்,
அதைத் தூக்க இன்னும் கொஞ்சம்,
அந்தக் கொஞ்சத்துக்கும் கொஞ்சம்.
நமக்குத் தெரியாத கணக்கா?
நூறு கிலோ கிளம்பினால்
தொண்ணூறு எரிந்துபோகும்.
ஏழு கிலோ வெறும் ஓடு, கடலுக்கு.
போய்ச் சேர்வது மூன்று.

இப்படி ஒரு பேரேட்டை முதலாளியிடம் நீட்டினால்
இன்றைக்கே என் கணக்கைத் தீர்த்துவிடுவார்.

ஆனாலும் அது
எரிவதற்கான காற்றையும் கட்டிச் சுமந்துகொண்டு,
உதைக்கச் சுவரில்லாத இடத்தில்
தன்னையே பிடி பிடியாய்ப் பின்னால் எறிந்து
முன்னால் போகிறது.

காலையில் பள்ளத்தூர் செகப்பாயி வந்திருந்தாள்.
ஆறு வளையலில் ஆரம்பித்தவள்.
ஐந்து ஏலத்தில் போயிற்று.
கையிலிருந்த கடைசி ஒன்றைக் கழற்றி
சோப்பு நுரை காயாமலே தட்டில் வைத்தாள்.
மகள் நர்சிங், நாலாவது வருஷம்.
ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடினாள்.

டிவியில் முதல் அடுக்கு கழன்று விழுகிறது.
அடைக்கன் பசைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.
"விழுந்தது கெடக்கட்டும். மேல உள்ளது போகுதா?"

போகுது.

ஷட்டரைப் பூட்டிவிட்டு வண்டியை உதைக்கிறேன்.
டாங்கில் நூறு ரூபாய் பெட்ரோல்.
காற்று ஊர்க்காற்று, பில் இல்லை.
கழனிவாசல் வரைக்கும் போதும்.