பத்தொன்பது இஞ்ச்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்கோடிப் பூங்காவுக்குச்
சுழலும் கம்பிக் கதவு.
மாடு நுழையக் கூடாது, பைக் நுழையக் கூடாது
என்று வைத்தது.
பெனிட்டா நுழையக் கூடாது என்று
யாரும் சொல்லவில்லை.
சொல்லாமலே நடந்துவிட்டது.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தேன்.
சந்து பத்தொன்பது இஞ்ச்.
அவள் நாற்காலி இருபத்தைந்தரை.
ஆறரை இஞ்ச் என்பது
யூனிஃபார்ம் தைக்கிறவளுக்கு
ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் உள்ள தூரம்.

ஐந்து வயதில் தூக்கிக்கொண்டு போனேன்,
அப்போது பதின்மூன்று கிலோ.
ஒன்பதில் இருபத்திரண்டு.
ஊஞ்சலில் வைத்தால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை.
பின்னால் நின்று நானே சாய்மானம் ஆனேன்.
அப்புறம் ஆட்டுவது யார்?

"நீ போய் தைம்மா, நான் இங்கயே இருக்கேன்."
கம்பிக்கு வெளியே, பிளாட்பாரத்தில்.
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை
எண்ணுகிறாள் என்று நினைத்திருந்தேன்.
"அந்த நீலச் சட்டைப் பையன்
நூத்திப் பத்து ஆட்டம்மா."

வார்டு ஆபீசில் கேட்டார்கள்,
தனியா ஒரு ஸ்பெஷல் பார்க் கேக்குறீங்களா?
இல்லீங்க,
தனியாத்தான் இருக்கா இப்போ.
ஒரு பிள்ளைக்காக கேட்டை அறுக்க முடியுமா?

ஒன்றா என்று பார்க்கத்தான்
ஃபால்ஸ் அடிக்க வந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தேன்.
பின் தெருவில் ரிஸ்வான்.
கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்தால்
காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன்.
ஒதுங்கி உட்கார ஒரு மூலை போதும் அவனுக்கு.
கொருக்குப்பேட்டை கேட் தாண்டி தாட்சாயணி.
சறுக்குமரத்தின் கடைசிப் படி இதுதான் என்று
கண் சொல்லாததைக் காலுக்குச் சொல்ல
ஒரு சொரசொரப்பு வேண்டும்.
தண்ணி லாரி ஏறின லோகு, ஒற்றைக் காலோடு
இன்னும் கோல்கீப்பராகத்தான் நிற்பேன் என்கிறான்.
பதினேழு வீடு.
அளவு நோட்டில்
மார்பு, இடுப்பு, தோள் என்று கோடு போட்ட கட்டங்களில்
அவர்கள் பெயர்களை எழுதினேன்.

எட்டாவது மனுவுக்கு இன்ஜினியர் வந்தார்.
மணல் கொட்டிருக்கோம்மா,
விழுந்தாலும் அடிபடாது.
தள்ளிப் பாருங்க சார் என்றேன்.
காலி நாற்காலிதான்.
மூன்றாவது அடியில் சக்கரம் புதைந்தது.
கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சார்,
ஜாக்கெட் சேரலை என்று வருகிறவளிடம்
தோளை வெட்டிக்கொண்டு வா என்று
எந்த டைலரும் சொல்வதில்லை.
தையலைப் பிரிப்போம்.
அதற்காகத்தான் உள்ளே துணி விட்டுத் தைக்கிறது.
நீங்கள் உள்ளே துணியே விடவில்லை.

அவருக்குப் புரிந்ததா தெரியாது.
கார்த்திகையில் மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
கேஸ் கட்டரோடு இரண்டு பேர் வந்தார்கள்.
பொறி பறந்ததைப் பார்த்து
பெனிட்டா கைதட்டினாள்.

அடுத்த வாரமே பைக் நுழைந்தது.
வாக்கிங் போகிறவர்கள் ஏசினார்கள்,
எல்லாம் உன் பொண்ணாலதான்.
சாயங்காலம் ஆறு முதல் ஏழு வரை
இப்போது நான்தான் அந்தக் கதவு.
சாய்தளம் போட்டிருக்கிறார்கள்,
மேம்பாலம் மாதிரி செங்குத்தாக.
ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.
லோகு ஒரு கை கொடுக்கிறான்,
கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

முதல் நாள்
ஊஞ்சலுக்கு நேர் எதிரே நிறுத்தினோம்.
எண்ணலையா என்று கேட்டேன்.
"இங்கேருந்து எண்ண வரலம்மா,
காத்து மூஞ்சியில அடிக்குது."

அளவு நோட்டில் ஒரு புதுப் பக்கம்:
ஊஞ்சல் பலகை, பதினாறு.
சங்கிலி, எழுபத்திரண்டு.
முதுகு, இல்லை.