ஒன்பதாவது ரீல்

முப்பத்தொரு வருஷம்
வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குப் போயிருக்கிறேன்.
தஞ்சாவூர் வார இதழ், பக்கம் இருபத்தேழு,
வலது மூலை. கீழே மூலநோய் விளம்பரம்.
படத்துக்கு நாற்பது ரூபாய், டிக்கெட் காசு தனி,
பஸ் காசு கேட்டால் ஆசிரியருக்குக் காது கேட்காது.

பாராட்டி எழுதியது ஒருவருக்கும் நினைவில்லை.
திட்டியதை மட்டும் வரி பிசகாமல் சொல்வார்கள்
பாபநாசம் கடைத்தெருவில்:
'மாடு ஒன்றுதான் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்தது.'
'படம் இரண்டே முக்கால் மணி. நடுவில் மின்வெட்டு இருபது நிமிஷம்.
அந்த இருபதுக்கு மின்வாரியத்துக்கு நன்றி.'
ஒரு பொங்கல் படத்துக்கு மொத்தமே ஒரு வரி:
'இடைவேளையில் விற்ற முறுக்கு நல்ல மொறுமொறுப்பு.'
முறுக்குக்காரர் அதை வெட்டிக்
கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டிக்கொண்டார்.
கும்பகோணத்து விநியோகஸ்தர் ஒரு மூட்டை பொன்னி அனுப்பினார்.
கல் அதிகம் என்று சீட்டு வைத்துத்
திருப்பி அனுப்பினேன்.

பெருமைதான். பொய் சொல்வானேன்.

தொண்ணூற்று மூன்று, ஐப்பசி.
'நாலாம் மடை' என்று ஒரு படம்.
எடுத்தவர் திருக்காட்டுப்பள்ளி மதலைமுத்து,
மூன்று ஏக்கர் நஞ்சையை விற்று.
கொட்டாய்க்குள் பதினாறு பேர்.
தகரத்தில் மழை அறைந்ததில் பாதி வசனம் போயிற்று.
திரையில் ஒருத்தி உலை வைத்தாள்.
அடுத்த காட்சியில் கழுத்தளவு ஆற்றில் நின்றாள்.
அதற்கும் அடுத்து அவள் புருஷன் சேற்றில் உட்கார்ந்து
ஒரு வளையலைக் கழுவிக்கொண்டிருந்தான்.
நான் எழுதினேன்:
'இவள் ஏன் ஆற்றில் இறங்கினாள் என்று
எடுத்தவருக்கே தெரியவில்லை.
தெரியாதவர் நிலத்தை விற்றிருக்க வேண்டாம்.
உழுதிருக்கலாம்.'

அந்தக் கடைசிச் சொல்லுக்காக
டீக்கடையில் முதுகில் தட்டினார்கள்.
படம் வெளியான நாலாம் நாள் பெட்டி கட்டியாயிற்று.
மதலைமுத்து பிறகு படம் எடுக்கவில்லை.
சிங்கப்பூர் போய்விட்டார் என்றார்கள்.
இல்லை, பூதலூரில் அறுவடை மிஷின் தரகு என்றார்கள்.
நான் விசாரிக்கவில்லை.
அதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

போன மாசி, கும்பகோணத்தில் கண்புரை வரிசை.
சொட்டு மருந்து விட்டு
மூடிக்கொள்ளுங்கள் என்றிருந்தார்கள்.
நர்ஸிடம் நான் பேர் சொன்னதைக் கேட்டுப்
பக்கத்து நாற்காலி கனைத்தது.
ராஜகிரி ஜெகபர் அலி. அந்தக் கொட்டாயின் ஆபரேட்டர்.

'ஒரு பிரிண்ட் சார், ரெண்டு கொட்டா.
அய்யம்பேட்டைல ஓட ஓட
பக்கிரி சைக்கிள்ல கட்டி இங்க கொண்டாருவான்.
அன்னைக்குக் குடமுருட்டி கரைமேல தண்ணி.
ஒம்போதாவது ரீலோட விழுந்துட்டான்.
பிலிம் பூரா வண்டல், மெஷின்ல மாட்ட முடியல.
பத்தும் பதினொண்ணும் லாரில வந்துச்சு.
ஜனம் கேக்காது, ஓட்டுன்னாரு மொதலாளி.
யாரும் கேக்கலதான்.
நீங்க ஒருத்தர்தான் சார் கேட்டீங்க, பேப்பர்ல.'

இரண்டு பேரும் கண்ணை மூடியபடி இருந்தோம்.
ஒன்பதில் என்ன இருந்தது என்றேன்.
'கழுவிக் காயப்போட்டு வெயில்ல புடிச்சுப் பாத்தேன்.
ஒரு கைக்கொழந்த. ஒரு கதவு.
மிச்சம் அழிஞ்சுபோச்சு.'
அந்தப் பிரிண்ட்?
'சட்டைக் காலருக்குள்ள வைக்கிற தகடுக்கு வெட்டிட்டதா கேள்வி.'

இன்று ராத்திரி, ஒரு கண் கட்டோடு,
பன்னிரண்டு வருஷம் முன்பே நின்றுபோன இதழுக்குத்
திருத்தம் எழுதுகிறேன்.
'பார்க்காத படத்துக்கு விமர்சனம் எழுதியதற்கு.'
அதன்கீழே,
'ஒன்பதாவது ரீலும் மோசமாக இருந்திருக்கலாம்.'
அடித்தேன்.
திரும்ப எழுதினேன். அதுவும் உண்மைதானே.

குழந்தையின் முகத்தைக் கிட்டத்தில் காட்டி
வயலின் போட்டிருந்தால் மோசம்.
அழவிட்டிருந்தால் அதைவிட மோசம்.
கதவை மட்டும் காட்டி
நிறுத்தியிருந்தால்