கையொப்பம் மாறுபடுகிறது

அஸ்தம்பட்டி கிளை, மாடியில் மூன்றாவது மேசை.
அட்டையிலிருந்து காணாமல்போன பணமெல்லாம்
என்னிடம்தான் முதலில் வந்து அழும்.

சேர்ந்த புதிதில் ரசீதுத் துண்டுகள் வரும்,
மை மங்கி, மடிப்பில் கிழிந்து.
ஒப்பிட்டுப் பார்க்கப் பூதக்கண்ணாடி கொடுத்திருந்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டை பருப்பு வியாபாரி அங்கமுத்து
பேருந்து நிலையத்தில் பர்ஸைப் பறிகொடுத்தவர்.
அன்று மாலைக்குள் ஒரு டிவி, இரண்டு ஜோடி ஷூ,
நாலு பேருக்குப் பிரியாணி.
மூன்று ரசீதிலும் அவர் கையெழுத்து,
அட்டையின் பின்னால் இருந்ததைப் போலவே,
'மு'வின் வால்கூடத் தப்பாமல்.
என் எதிரில் மூன்று முறை போடச் சொன்னேன்.
மூன்றும் மூன்று விதம்.
விதிப்படி பார்த்தால்
திருடன்தான் அங்கமுத்து.

டிவி கடைக்குப் போன் போட்டேன்.
"அட்டையைத் திருப்பிப் பார்த்தீங்களா?"
"ஆடித் தள்ளுபடிக் கூட்டமுங்க மேடம்.
பேனா கேட்டாரு, கொடுத்தேன்."

பிறகு நான்கு இலக்கம் வந்தது,
ஒட்டிய உறைக்குள், கறுப்புத் தாளுக்கு அடியில்.
எறும்பு பார்க்கப் பூதக்கண்ணாடியை
என் மகன் எடுத்துக்கொண்டான்.

குறைந்தது உண்மை. மறைக்க மாட்டேன்.
மாதம் நாற்பது கோப்பு வந்த மேசைக்கு
இப்போது ஒன்பதுதான்.
ஆனால் அந்த ஒன்பது இருக்கிறதே.

சங்ககிரி செங்கோட்டுவேல், பத்துச் சக்கர லாரி.
நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு பங்கில்
முப்பத்தெட்டாயிரம் போயிருந்தது.
"நம்பரை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"
"மூச்சு விடலீங்க."
"டிரைவர்கிட்ட?"
"அவனுக்குச் சொல்லாம டீசல் எப்படிங்க போடறது?"
"கிளீனர்கிட்ட?"
"டிரைவர் தூங்கறப்ப அவன்தானுங்களே."
என்ன எண் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.
அவராகவே ஜன்னல் வழியே கை காட்டினார்.
எதிர்ச்சாரியில் நின்றது லாரி.
முன்னால், பின்னால், இரண்டு கதவிலும்
மஞ்சள் பெயின்டில், முழ உயரத்தில்,
நான்கு எண்கள்.
"மறக்காதுங்க" என்றார்.

கையெழுத்து தவறினால்
கடையோடு சண்டை போடலாம், வங்கியோடு போடலாம்.
எண் சரியாக விழுந்துவிட்டால்
விழுந்தது உங்கள் தலையில்தான்.
இதை நான் அவரிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன்.
டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டார்.

ஏற்காட்டிலிருந்து ரெஜினா வந்தது பங்குனியில்,
இருபது வளைவுக்கும் குமட்டல் அடக்கி,
கையில் எலுமிச்சம்பழத்தோடு.
கணவர் பெலிக்ஸ் இறந்தது மார்கழி எட்டாம் தேதி.
ஒன்பதாம் தேதி அவர் பெட்டி வாங்கியிருக்கிறார்.
பிறகு கேஸ், மகள் பள்ளிக்கூடக் கட்டணம்,
மிளகுக் கன்று அறுபது.
எந்த இடத்திலும் இயந்திரம் தயங்கவில்லை.
எண் சரி. ஆள்தான் இல்லை.

"அவரே சொன்ன நம்பருங்க.
ஆஸ்பத்திரியில, ட்யூப் போடறதுக்கு முன்னாடி.
வேற ஒண்ணுமே சொல்லலைங்க."

வாக்குமூலத்தில் கையெழுத்து கேட்டேன்.
பேனாவை இறுக்கிப் பிடித்து
பெ. ரெஜினா என்று எழுதினாள்.
அந்த முன்னெழுத்தை
வட்டமிட எந்தப் படிவத்திலும் இடமில்லை.

போன வாரம் என் வீட்டுக்கடன் மனு திரும்பி வந்தது.
பக்கத்து மேசை பழனியப்பன்தான் எழுதியிருந்தான்,
சிவப்பு மையில்: கையொப்பம் மாறுபடுகிறது.
பதினாறு வருடம் மற்றவர் கோப்பில் போட்டுப் போட்டு
என் பெயர் ஒரு கோடாகிவிட்டிருந்தது.
மூன்று முறை போடுங்க மேடம் என்றான்.
சிரிக்கவில்லை, பாவி.

ரகசிய எண்ணைக் கேட்டால்கூட
எனக்குச் சொல்லத் தெரியாது.
விரலுக்குத்தான் தெரியும்:
மேல் வரிசையில் இடது ஓரம், நேர் கீழே,
குறுக்கே ஒரு தாவல், மறுபடி அதே இடம்.

இதையும் சொல்லியிருக்கக் கூடாது.