பதினோராவது முறை

வூட்ஜ் நகரத்தில், ஒரு நிலவறை ஒலிக்கூடத்தில்
படங்களுக்குச் சத்தம் செய்கிறாள் ஹால்ஷ்கா.
பனியில் நடக்க, தோல்பைக்குள் உருளைக்கிழங்கு மாவு.
முத்தத்துக்கு அவள் புறங்கையே போதும்;
முப்பது வருடமாக எத்தனையோ கதாநாயகிகளுக்காகத்
தன்னைத்தானே முத்தமிட்டிருக்கிறாள்.
சலிப்புதான். மழையில் கட்டிக்கொள்கிறார்களா,
சரி, குழாயைத் திற.

இந்தப் படத்தில் ஒரு டிராம் ஓட்டுநர்.
இரவுப் பணி முடிந்து நாலு மணிக்கு வருகிறான்.
மாடிப்படியிலேயே பூட்ஸைக் கழற்றுகிறான்.
சாவிக்கொத்தை முஷ்டிக்குள் இறுக்கி
ஒன்றை மட்டும் விரலிடுக்கில் நீட்டுகிறான்.
உள்ளே அவள் தூங்குகிறாள். ஆறு மணிக்கு அவளுக்கு பேக்கரி வேலை.
அவ்வளவுதான் காட்சி.
படம் முடியும்வரை
அவளுக்கு இது தெரியவே தெரியாது.

"ஒன்றும் கேட்கவில்லையே," என்கிறார் இயக்குநர் லெஷெக்.
"கொஞ்சம் சிணுங்கட்டும்."

சிணுங்கினால் அவள் விழித்துக்கொள்வாள்,
என்கிறாள் ஹால்ஷ்கா.
திரையில் படுத்திருப்பவளைத்தான் சொல்கிறாள்,
போன கோடையிலேயே
சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விட்ட நடிகையை.

பத்து முறை. ஏதாவது ஒரு பல்
இன்னொன்றில் உரசிவிடுகிறது.
பதினோராவதில்
மைக்கில் விழுந்தது ஒரு மூச்சு மட்டும்,
இரும்பு சதைக்குள் பதியும்போது
வலியை விழுங்குகிற மூச்சு.
லெஷெக் வெகுநேரம் ஹெட்போனைக் கழற்றவில்லை.

கடைசி டிராமில்
கம்பியைப் பிடிக்கக் கை நீட்டுகிறாள்.
உள்ளங்கையில் சாவிப்பல் தடம், நாலு,
இன்னும் சிவப்பாக.