தொய்வு

நாற்பது நியூட்டன் நிறையுள்ள விளக்கொன்று
கம்பியின் நடுவில் தொங்குகிறது.
இரு பக்கமும் கிடையோடு ஐந்து பாகை.
கம்பியின் இழுவை காண்க.

இருநூற்று முப்பது வருகிறது.
டிலக்சனா அழிக்கிறாள். திரும்பவும்
அதுவே வருகிறது.
நாற்பதைத் தூக்கிவைத்திருக்க
இருநூற்று முப்பது கேட்குமா ஒரு கம்பி?
சைனை எடுத்துவிட்டுக் கோசைன் போட்டுப் பார்க்கிறோம்:
இருபது.
ஆளுக்குப் பாதி, அடக்கமான விடை.
பிழை.

டாண்டினோங்கில் சனிக்கிழமை மத்தியானம்.
சமையலறை மேசையில் இரண்டு கல்குலேட்டர்,
உடைத்த சிப்ஸ் பை, உப்பு ஒட்டிய அடிமட்டம்.

விசைப்படம் கீறும் முறை இதுதான்:
விளக்கை ஒரு புள்ளியாக்கு.
கூரையை அழி, சுவரை அழி,
விளக்கின் வெளிச்சத்தையும் அழி.
அதைப் பிடித்திழுப்பவை மட்டும்
அம்புகளாய் மிஞ்சட்டும்.

போன வருடம் மன்னாரிலிருந்து வந்தவள்
வெக்டர் என்ற தலைப்புக்குப் பக்கத்தில்
பென்சிலால் சின்னதாய் எழுதியிருக்கிறாள்: காவி.
'சாமியார் உடுப்பா?'
'இல்லையடி. காவுறது. சுமந்துகொண்டு போறது.'
'எதை?'
'எவ்வளவு எண்டதையும் எங்கே எண்டதையும்.'
அம்புத்தலை போடாத என் கோட்டைச் சுற்றி
பப்படாகிஸ் சேர் சிவப்பில் கேட்டிருந்தார்:
எந்தப் பக்கம்?
ஒரு புள்ளி போயிற்று.

யன்னலுக்கு வெளியே அப்பா
புது நைலோன் கயிறு கட்டுகிறார்.
கராஜ் சுவரின் கொளுக்கியிலிருந்து வேலித் தூணுக்கு.
தொய்வு அவருக்குப் பிடிக்காது,
கயிற்றிலும் சரி, கதிரையில் இருக்கும் முதுகிலும் சரி.
தூணில் காலை ஊன்றி இழுக்கிறார்.
இன்னொரு முறுக்கு.
விரலால் சுண்டினார், டங் என்றது.
சந்தோஷம்.
தோய்த்த பஞ்சுப் போர்வையை நடுவில் போடுகிறார்,
ஈரத்தோடு பத்துக் கிலோ இருக்கும்.

நான் கோணத்தைப் பார்த்தேன்.
'இரண்டு பாகைக்கு அடி' என்றேன், 'நிறை நூறு.'
'ஆயிரத்து நானூற்று...'
அவள் வாசித்து முடிக்கவில்லை.
கொளுக்கி செங்கல் துண்டோடு கழன்று
கயிறு வேலியை ஒருதரம் அறைந்தது.
மக்பை ஒன்று திட்டிக்கொண்டே பறந்தது.
போர்வை புல்லில்.

'கொளுக்கி சரியில்லை' என்று உள்ளே வந்தார்.
டிலக்சனா கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள்.
ஆயிரத்து நானூற்று முப்பத்து மூன்று.
'டொலரா?' என்றார் அப்பா.

அவர் போன பிறகு
பூச்சியம் பாகைக்கு அடித்துப் பார்த்தோம்.
திரை பிழை என்றது, வேறொன்றும் சொல்லவில்லை.
ஒரு கைக்குட்டை நிறை போதும்,
எந்தக் கயிறும் நேராய் நிற்க முடியாது.
நின்றே ஆகவேண்டுமென்றால்
அது கேட்பதைக் கொடுக்க
உலகத்தில் கொளுக்கி இல்லை.

பின்னேரம் எட்டிப் பார்த்தால்
புதுக் கொளுக்கி, பழைய பிடிவாதம்.
ஆனால் கயிறு கொஞ்சம் தொய்ந்திருக்கிறது,
போர்வை நிலத்தைத் தொடாமலிருக்க
நடுவில் முண்டுகொடுத்து நிற்கிறது
முறிந்த புல்வாரியின் பிடி.
மேல்நோக்கி ஓர் அம்பு.
எங்கள் படத்தில் அது இல்லை.
டிலக்சனா அழிறப்பரைத் தேடுகிறாள்.