பனிக்குள் இரண்டாம் பாதி

வேல்ஸில், மூடிப்போன சுரங்கத்துக்கு மேலே
சரிவை வெட்டிச் சமன்செய்த மைதானம்.
இடைவேளையில் இறங்கியது பனி.
முழு மைதானத்தையும் சோற்றில் மறைத்துவிட்டது.
கோல் கம்பத்தின் நுனி மட்டும் வெளியே,
யாரோ மறந்துவிட்டுப் போன குடையின் காம்புபோல.

ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள்தானே, என்றேன்.
எதற்கு, என்றார் மோஸ்டின்.
என் கணவரின் அண்ணன். அவர் எதற்கு என்றால்
அதற்குமேல் கேள்விக்கு இடமில்லை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
திங்கட்கிழமை காலை என் வாசலில்
வரிசையாக உட்கார்ந்திருப்பது இவர்களுடைய சனிக்கிழமை.
தோள்பட்டை, விரல், மூக்கு,
மறுபடியும் அதே தோள்பட்டை.
மூச்சை இழுங்கள், அசையாதீர்கள், என்பேன்.
இதை முந்தாநாளே யாராவது சொல்லியிருக்கலாம்.
பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன்
முறிந்த காரை எலும்பைத் திரையில் பார்த்துவிட்டு
போனில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான்.
சிரித்தான்.
எலும்பு எனக்கு விளங்குகிறது, மோஸ்டின்.
அந்தச் சிரிப்புதான் விளங்கவில்லை.

உனக்குத் தெரிவதெல்லாம் எலும்புதான், என்றார்.
உங்களுக்கு இன்றைக்கு அதுகூடத் தெரியவில்லை, என்றேன்.

பின்னால் நின்ற ஹைல்வென் சிரித்துவிட்டாள்.
இரண்டு மகன்கள் உள்ளே.
மூத்தவன் இந்த ஊர் அணி,
இளையவன் பெண் எடுத்த ஊர் அணி.
வேண்டுதலைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டவள்.
பந்தையாவது உருண்டையாகச் செய்திருக்கலாம், என்றாள்,
போகிற வழி தெரிந்திருக்கும்.
தெரிந்துவிட்டால் எதற்கு ஓடுவது, என்றார் இஸ்லுவின்.
முன்னே போகவேண்டும், பின்னேதான் கொடுக்கவேண்டும்,
நம் நகரசபை மாதிரி, என்றது
பனிக்குள் முகம் தெரியாத ஒரு தொப்பி.

சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.
ஈர மூட்டையை லாரியில் எறிந்ததுபோல் ஒன்று.
பதினாறு பேர் ஒரே மூச்சில் முக்கியது ஒன்று.
விசில்.
மோஸ்டின் கண்ணை வேறு மூடிக்கொண்டார்.
ஸ்க்ரம். நம் பந்து. இடது பக்கம் சரிகிறது.
கெரைன்ட் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறான்.
தேய்ப்பதுமா கேட்கிறது?
கேட்கும், என்றார். பேசாமல் இரு.

பேசாமல் இருந்தேன். அப்போதுதான்
அந்த மூச்சு எனக்கும் கேட்டது.
என் அறையில், நான் சொன்ன பிறகு,
பயந்து பயந்து இழுக்கும் மூச்சைப் போல இல்லை.
யாரும் சொல்லாமல் வந்த மூச்சு.
அதற்காக ஒரு தோள்பட்டையை விலையாகக் கொடுக்கலாம்
என்று நான் சொல்லவில்லை.
கேட்டது, அவ்வளவுதான்.

பிறகு பந்து வந்தது.
துரத்துவார் யாருமின்றி, பனியிலிருந்து தனியாக,
இரண்டு முறை மனம் மாறி
என் செருப்பில் முட்டி நின்றது.
எடுத்தேன். சூடாக இருந்தது.
இவ்வளவு குளிரில் அதை எதிர்பார்க்கவில்லை.

இங்கே, என்றது ஒரு குரல்.
இங்கே, என்றது இன்னொன்று.
இரண்டும் நம் பையன்களாக இருக்கலாம்,
இரண்டும் அவர்களாக இருக்கலாம்.
மோஸ்டின் ஒரு திசை காட்டுகிறார்,
ஹைல்வென் இரண்டு திசை காட்டுகிறாள்.
எறிந்துவிட்டேன்,
கிணற்றில் கல் போடுவதுபோல.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் அந்தக் கோடியில் ஆரவாரம்.
டிரை!

யாருடையது என்பதில் இரவு பதினொன்றுவரை சண்டை.
பார்வையாளர் தொட்ட பந்தை அப்படி எறிய முடியாது,
விதி இருக்கிறது, என்றார் இஸ்லுவின்.
ரெஃப்ரி பார்த்தாரா, என்று மேசையைத் தட்டினேன்.
பார்க்காததைச் செல்லாது என்று எப்படிச் சொல்வீர்கள்?
அது நல்ல எறி. நம் டிரை.
மேசை அமைதியானது.
மோஸ்டின் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டு.
இன்னமும் எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லை, என்றேன்.
யாரும் கேட்கவில்லையே, என்றார்.

திங்கள் காலை முதல் ஆள்
எதிரணிக் கம்பளிச் சட்டையில் வந்தான்.
அசையாதே, என்றேன்.
கதவுவரை போய்விட்டுத் திரும்பினேன்.
சனிக்கிழமை, கடைசியாக வெளியிலிருந்து வந்த பந்து,
அது யார் கையில் விழுந்தது?

வீங்கிய விரலை
மெல்ல உயர்த்திக் காட்டினான்.